கூடமும் கோணல்தான்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்கள். ஊசியில் நூல் கோக்க வராவிட்டாலும் சரி, பூட்டில் சாவி திரும்பாவிட்டாலும் சரி, முதலில் என் கையைத்தான் சந்தேகிப்பேன். பொருளைக் குறை சொல்ல நாக்கு எழாது. நல்ல குணம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், தாழ்ந்த சுரங்களுக்கென்றே உள்ள பேஸ் கிட்டார் ஒன்றை மலிவாக வாங்கும் வரை. அந்தக் குணத்தால் முழுதாக நான்கு மாதம் போனது. பணக் கணக்கைப் பிறகு சொல்கிறேன், இப்போதே சொன்னால் வயிறு எரியும்.

நண்பர்கள் மூவர் வார இறுதிகளில் கூடி வாசிப்பார்கள். இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ். பேஸ் வாசிக்க ஆளில்லை. "நாலே தந்திதானே, ஒரு நேரத்தில் ஒரு சுரம்தானே, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்களேன்" என்றார்கள். அந்த இரண்டு "தானே"யையும் நம்பினேன். தொடர்ந்து வாசிப்பேனா என்றே தெரியாத நிலையில் அதிகம் செலவழிக்க மனமில்லாமல், இணையத்தில் கிடைத்தவற்றிலேயே விலை குறைந்ததைத் தேர்ந்தெடுத்தேன். அதைத் தவறு என்று இன்றும் சொல்லமாட்டேன். அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் 'பிரிசிஷன் பேஸ்' என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணையில் மெட்டு இருப்பதுபோல இதில் ஃபிரெட் இருக்கிறது, அதனால் விரல் வைத்த இடத்தில் சுரம் துல்லியமாக விழும் என்பதால்தான் அந்தப் பெயர். அது 1957-இல் எடுத்துக்கொண்ட உருவத்தைத்தான் இன்றும் மலிவு பேஸ்களில் பல நகலெடுக்கின்றன. எனக்கு வந்ததும் அப்படியொரு நகல். உருவம் அச்சாக இருந்தது. துல்லியத்தை மட்டும் பெட்டியில் போட மறந்திருந்தார்கள்.

முதல் நாள் மாலை நடந்தது வெறும் ஏமாற்றம். கருவி வந்துவிட்டது, வாசிக்கலாம் என்று உட்கார்ந்தால் கொசு ரீங்காரம் அளவுக்குக்கூடச் சத்தம் இல்லை. ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி இல்லாமல் மின் பேஸ் பேசாது என்பது தெரிந்ததுதான், ஆனால் இவ்வளவு ஊமையாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கைபேசியில் பதிவு செய்து கேட்டேன். தடித்த தந்தியில் 'டொக் டொக்' என்று ஏதோ தட்டுவதுபோல வந்ததே தவிர நாதம் வரவில்லை. பேஸின் கடைசித் தந்தியான 'ஈ' வெறுமனே மீட்டப்படும்போது நொடிக்கு 41 முறை அதிர்கிறது. கைபேசியின் குட்டி ஒலிபெருக்கிக்கு அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பச் சக்தியே கிடையாது. அடிச்சுரம் காணாமல் போய், அதன் மேலே எழும் துணை ஒலிகள் மட்டுமே நம் காதுக்கு வருகின்றன. இது தெரியாமல் அன்றிரவே "தந்தியை மீட்டத் தெரியவில்லை" என்று என் விரலைத் திட்டிக்கொண்டு தூங்கப் போனேன். ஆரம்பமே அப்படி.

அடுத்த வாரம் நண்பர் ஒருவர் தம்முடைய சிறிய கிட்டார் ஆம்பைக் கடன் கொடுத்தார். கிட்டாருக்கான ஆம்பில் பேஸைச் செருகலாமா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மெல்லிய சத்தத்தில் வாசித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. டிரம்ஸுக்கு ஈடாகக் கேட்க வேண்டும் என்று குமிழை முழுக்கத் திருப்பினேன். ஒலிபெருக்கியின் கூம்பு, தாழ்ந்த சுரங்களுக்காகத் தன் எல்லையைத் தாண்டி முன்னும் பின்னும் ஆடியது. அரை மணி நேரத்தில் கிழிந்த முறம்போலச் சலசலக்கத் தொடங்கிவிட்டது. புது ஒலிபெருக்கி போட்டுக் கொடுத்தேன். அந்தச் செலவு, என் பேஸின் விலையில் கால் பங்கு. புதிதாக வாங்குபவர்கள் கருவியின் விலையை மட்டும் பார்த்து மனக்கணக்குப் போடக்கூடாது. கேபிள், தோள்பட்டை வார், சுருதி பார்க்கும் கருவி, சத்தம் கேட்க ஏதாவது ஒரு வழி, இவை எல்லாம் சேர்ந்துதான் முதல் செலவு. தனியாகப் பழகுவதற்கு, நேரடியாகப் பேஸில் செருகி ஹெட்ஃபோனில் கேட்கும் விரல் நீளக் குட்டி ஆம்ப் போதும். நானே கடைசியில் அதைத்தான் வாங்கினேன். முதலிலேயே வாங்கியிருந்தால் நண்பர் முகத்தைப் பார்த்துக் கூசியிருக்க வேண்டாம்.

இனி வலிக்கு வருகிறேன். எல்லாப் பாடங்களும் முதல் மூன்று ஃபிரெட்டுகளில்தான் தொடங்குகின்றன. அங்கே தந்தியை அழுத்தினால் கட்டைவிரலின் அடி வரைக்கும் விண்ணென்று தெறிக்கும். வீடியோவில் வாசிப்பவர் "மெதுவாக அழுத்துங்கள், பூவைப் பிடிப்பதுபோல" என்பார். நான் பூட்டிய நட்டைக் கையால் திருகுவதுபோல அழுத்திக்கொண்டிருப்பேன். அப்படியும் சுரம் 'ஜிர்' என்று இழுக்கும். பத்து நிமிடம் வாசித்தால் இருபது நிமிடம் மணிக்கட்டைத் தேய்க்க வேண்டியிருந்தது. விரல் நுனியில் கொப்புளம், அதன் மேல் ஒட்டுப்பட்டி, ஒட்டுப்பட்டி வழுக்குவதால் இன்னும் அழுத்தம். "பெண்களுக்குக் கை சின்னது, யூகுலேலே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் அன்போடு யோசனை சொன்னார். அன்போடு சொன்னதால் அது ஆழமாகவே இறங்கியது. என் கை சின்னதுதான். அளவு எடுத்துப் பார்த்தால், வழக்கமான பேஸில் தந்தியின் நீளம் 864 மில்லிமீட்டர். முதல் ஃபிரெட் மட்டும் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகள் பள்ளங்களில் படிந்திருக்கும் சின்னக் கட்டை) 48 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. சாதாரண மின் கிட்டாரில் அதே இடைவெளி 36 மில்லிமீட்டர் அளவுதான். எனக்கு இது பிறவியிலேயே விதிக்கப்படாத வாத்தியம் என்று முடிவு கட்டினேன். மூன்று வாரம் உறையை விட்டே எடுக்கவில்லை. இரவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போது மூலையில் அது நிற்பதைப் பார்த்தால் ஒரு குற்ற உணர்வு, கடன்காரரைத் தெருவில் பார்ப்பதுபோல.

விடுதலை வந்தது தற்செயலாக. நண்பர்கள் வாசிக்கும் ஒத்திகை அறைக்கு ஒருநாள் வேறொரு குழுவின் பேஸ் வாசிப்பாளர் வந்திருந்தார். தேநீர் குடிக்கப் போகும்போது தம் கருவியை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். சும்மா முதல் ஃபிரெட்டில் விரலை வைத்தேன். வைத்தேன், அவ்வளவுதான், அழுத்தவில்லை. சுரம் வந்துவிட்டது. ஒன்றிரண்டு தடவை சோதித்துப் பார்த்தேன். இரண்டாவது ஃபிரெட், மூன்றாவது ஃபிரெட், எல்லாத் தந்தியிலும் வந்தது. அதே சின்னக் கை, அதே 864 மில்லிமீட்டர். மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை, அழுகை வந்தது. அழுகை ஓய்ந்ததும் கோபம் வந்தது. நான்கு மாதமாகக் கூடம் கோணல், நான் என் காலையே உடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூட அளவுகோலை எடுத்தேன். 12-வது ஃபிரெட்டின் மேல் விளிம்பிலிருந்து தந்தியின் அடி வரை எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். பேஸில் அது தடித்த தந்திக்கு ஏறக்குறைய 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதியாக வாசிக்கலாம். என்னுடையதில் ஏறக்குறைய 5. நட்டின் அருகிலும் அதே கதை. தந்தியை 3-வது ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கு மேலே பார்த்தால் தலைமுடி நுழையும் அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும். என்னுடையதில் தடித்த அட்டையே நுழைந்தது. முதல் மூன்று ஃபிரெட்டுகளில் என் கையை ஒடித்தது அந்த நட்டுதான். இதில் மோசடி எதுவும் இல்லை என்று பிறகு புரிந்துகொண்டேன். மரம் வெட்டுவதையும் வண்ணம் அடிப்பதையும் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் சுற்றுவதையும் இயந்திரம் வேகமாகச் செய்துவிடும். ஒவ்வொரு கருவியாக மடியில் வைத்து, நட்டின் பள்ளத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, கழுத்தின் வளைவைப் பார்த்து, தந்தியின் உயரத்தைச் சரிசெய்வதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். விலை குறைவான கருவியில் முதலில் வெட்டப்படுவது அந்த நேரம். நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டால் எளிதில் திரும்ப ஏற்ற முடியாது, உயரமாக விட்டால் பிறகு இறக்கிக்கொள்ளலாம். அதனால் உயரமாகவே விட்டு அனுப்பிவிடுகிறார்கள். நாம் வாங்குவது முக்கால்வாசி முடிந்த கருவி. மீதிக் கால்வாசியை யாராவது முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் அந்தக் கூலியை விரல்கள் கொடுக்கும்.

அன்றிரவே நானே முடித்துவிடுவது என்று இறங்கினேன். புத்தி இருந்திருந்தால் தூங்கியிருப்பேன். கருவியின் உடலில் தந்திகள் முடியும் இடமான பிரிட்ஜில், ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சின்னச் சேடில்கள் இருக்கும். அவற்றின் திருகுகளைத் திருகித் தந்தியைத் தாழ்த்த முடியும். நான்கையும் தரை தொடும் வரை தாழ்த்தினேன். மேல் ஃபிரெட்டுகளில் தந்தி உலோகத்தில் உராய்ந்து கரகரத்தது. நட்டை ஒட்டிய கீழ் ஃபிரெட்டுகளில் இன்னும் அதே கஷ்டம். பிரச்சினை அங்கே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. நான்கு தந்திகளும் சுருதி சேர்ந்த நிலையில் கழுத்தை இழுக்கும் விசை 70 கிலோவுக்கு மேல். ஓர் ஆள் நிரந்தரமாகத் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமம். அந்த இழுவைக்குக் கழுத்து வில்லாக வளையாமல் தடுக்க உள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, டிரஸ் ராட் என்பார்கள். என் கருவியின் கழுத்து நிஜமாகவே வில்தான். சரி, அதையும் முறுக்குவோம் என்று வீட்டில் கிடந்த ஆலன் கீ (அறுகோணச் சாவி) ஒன்றைச் செருகினேன். சற்றே சிறிய அளவு. முறுக்கியபோது 'கிரீச்' என்று வழுக்கியது. துவாரத்தின் மூலை ஒன்று மழுங்கிவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு தடவை முறுக்கியிருந்தால் துவாரம் முழுக்க மழுங்கி, அந்தக் கழுத்தைச் சரிசெய்வது பெரும்பாடாகியிருக்கும். ஆகவே இதைப் படிப்பவர்கள் யாராவது கை வைப்பதாக இருந்தால், கருவியோடு வந்த கீயையே பயன்படுத்துங்கள். அது இல்லாவிட்டால் சரியான அளவைக் கண்டுபிடியுங்கள். ஏறக்குறைய பொருந்துவது பொருந்தாததுதான். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். வலஞ்சுழியாகத் திருப்பினால் வளைவு குறையும், இடஞ்சுழியாகத் திருப்பினால் கூடும். முரண்டு பிடித்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

மறுநாள் கிட்டார் பழுது பார்க்கும் பெரியவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். கழுத்தை ஒரு கண்ணால் பார்த்தவுடனே, "என்னம்மா, இதில் மீன் பிடித்தீர்களா, வாசித்தீர்களா?" என்றார். "ஐயா, நான்கு மாதம் வாசித்தேன்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வேலையை ஆரம்பித்தார். வேலை நடந்த வரிசையைச் சொல்கிறேன், அதுதான் முக்கியம். முதலில் கழுத்தின் வளைவு. முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே தந்தியை அழுத்திக்கொண்டு நடுவில், 8-வது ஃபிரெட் பக்கம் பார்த்தால், ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் அளவு, அதாவது 0.3 மில்லிமீட்டர் போல இடைவெளி வேண்டும். முற்றிலும் நேராகவும் இருக்கக்கூடாது, தந்தி அதிர இடம் வேண்டுமே. அடுத்து நட்டின் பள்ளங்கள். அதற்குப் பிறகுதான் சேடிலின் உயரம். கடைசியாகச் சேடிலை முன்னும் பின்னும் நகர்த்தித் தந்தியின் நீளத்தைச் சுருதிக்கேற்பச் சரிசெய்வது. 12-வது ஃபிரெட்டுக்கு நேர்மேலே தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் மணி போன்ற ஒலியும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஒலி மேலே ஏறி இருந்தால் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும். நான் மூன்றாவதை முதலில் செய்து முதலாவதைக் கெடுத்தேன். ஃபிரெட்டுகளின் முனைகள் பலகையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறிக்கொண்டிருந்தன. மரம் காய்ந்து சுருங்கும்போது அப்படி நடக்குமாம். அவற்றையும் அரத்தால் வழித்துக் கொடுத்தார். கூலி, பேஸின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. கொடுத்த பணத்திலேயே மனம் நோகாமல் கொடுத்தது அது ஒன்றுதான்.

புதுத் தந்தி போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். அதை நானே செய்துகொள்கிறேன் என்றேன், வாயடக்கம் இல்லாமல். தடித்தது 0.105 அங்குலம், மெலிந்தது 0.045 அங்குலம் என்று வழக்கமான அளவில் ஒரு கட்டு வாங்கினேன். பேஸ் தந்தியின் முனை, தலைப்பக்கத்தில் சுருதி முறுக்கும் பிருடையின் நடுவில் இருக்கும் துவாரத்துக்குள் நேராக இறங்கும். அதனால் சுற்றுவதற்கு முன்பே நீளத்தை வெட்டிவிட வேண்டும். எவ்வளவு என்பதில் கோட்டைவிட்டேன். மெலிந்த தந்தியான ஜி-யைப் பிருடைக்கு வந்தவுடன் வெட்டிவிட்டேன். முக்கால் சுற்று சுற்றியதும் நின்றுவிட்டது. இறுக்க இறுக்க நழுவி, ஒரு முறை 'டங்' என்று விடுபட்டு என் முழங்கையைக் கீறியது. ஒற்றைத் தந்தியாகக் கிடைக்காமல் இன்னொரு முழுக் கட்டு வாங்கினேன். பிருடையைத் தாண்டி ஏறக்குறைய 10 முதல் 12 சென்டிமீட்டர் விட்டுத்தான் வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன் அந்த இடத்தைச் செங்குத்தாக மடக்கிக்கொள்ளவும் வேண்டும், இல்லாவிட்டால் உள்கம்பியின் மேல் சுற்றிய உறை கழன்று தந்தி செத்துப்போகும். சுருதியைக் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். அதிகமாகிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். பேஸின் தலைப்பக்கத்தில் கவ்வும் சுருதிக் கருவிகள் தாழ்ந்த ஈ தந்தியைக் கண்டால் திணறும். 12-வது ஃபிரெட்டில் அந்த மணி ஒலியை எழுப்பிக் காட்டினால் சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தால், முடிந்தது பாதிக் கதைதான். கூடம் கோணல் என்று ஒரு தடவை நிரூபணமாகிவிட்டதல்லவா? அதன் பிறகு எனக்குக் குற்றமே கிடையாது. எது சரியாக வராவிட்டாலும் கருவிதான். வாசிக்கும்போது பின்னால் ஏதோ ஒரு முழக்கம், குளியலறையில் பேசுவதுபோல எப்போதும் கூடவே வந்தது. மலிவான பிக்கப் அப்படித்தான் என்றேன். உராய்வுச் சத்தமும் முழக்கமும் குறையும் என்று வழவழப்பான பட்டைத் தந்தி ஒரு கட்டு வாங்கினேன். அது கருவியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. முழக்கம் போகவில்லை, கொஞ்சம் மங்கலாக முழங்கியது. ஒலியை ஒழுங்குபடுத்தும் பெடல் ஒன்று, அதற்கு இன்னொரு மூன்றில் ஒரு பங்கு. அது முழக்கத்தை இன்னும் தெளிவாக எடுத்துக் காட்டியது. பிக்கப்பையே மாற்றிவிடலாம் என்று பெரியவரிடம் போய் நின்றேன். அவர் என் பேஸை வாங்கி நான் தடுமாறும் அதே வரியை வாசித்தார். முழக்கமே இல்லை. பழைய பிக்கப், அதே கருவி. "மாற்றட்டுமா?" என்றார். "வேண்டாம் ஐயா" என்று வாங்கிக்கொண்டு வந்தேன். பழமொழி திரும்பி வந்து பின்மண்டையில் ஒன்று வைத்தது.

நடந்தது இதுதான். பேஸில் ஒரு சுரத்தை எழுப்புவது எளிது. மற்ற மூன்று தந்திகளைப் பேசவிடாமல் வைத்திருப்பதுதான் வேலை. ஒரு தந்தியை மீட்டினால் மற்றவை தாமாகவே கூட அதிர்கின்றன. விரலை எடுக்கும்போதும் தந்தி ஒரு முனகல் விடுகிறது. இவை எல்லாம் சேர்ந்ததுதான் என் "மலிவான பிக்கப்". நண்பர்கள் முதல் நாள் சொன்ன "ஒரு நேரத்தில் ஒரு சுரம்தானே" என்பதைச் சம்பாதிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. வலது கைக் கட்டைவிரலை பிக்கப்பின் மேலேயே ஊன்றி வைத்திருந்தேன். அதற்குப் பதில், வாசிக்கும் தந்தி மெலிந்ததை நோக்கிப் போகப் போக, கட்டைவிரலும் பின்னாலேயே நகர்ந்து விட்டுவந்த தந்திகளின் மேல் படுத்துக்கொள்ளப் பழகினேன். இடது கையில், சுரம் முடிந்ததும் விரலைத் துள்ளி எடுக்காமல், அழுத்தத்தை மட்டும் விட்டுத் தந்தியின் மேலேயே ஒரு கணம் கிடக்கவிட்டேன். இரண்டையும் ஒரே நேரத்தில் பழகக்கூடாது, பைத்தியம் பிடிக்கும். ஒரு வாரம் வலது கை, ஒரு வாரம் இடது கை என்று மாற்றிக்கொள்வது நல்லது. ஹெட்ஃபோனில் கேட்டபடி, பதிவும் செய்து, மறுநாள் காலையில் கேட்டுப் பாருங்கள். வாசிக்கும்போது காது கருணை காட்டும், மறுநாள் காட்டாது. இரண்டு விரல்களையும் மாற்றி மாற்றி மீட்ட வரவில்லையே என்று வருந்துகிறவர்கள் ஜேம்ஸ் ஜேமர்சனை நினைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவன இசைப்பதிவுகள் பலவற்றில் ஒற்றை ஆள்காட்டி விரலால் பேஸ் வாசித்தவர் அவர். அதற்காக நானும் ஒற்றை விரலோடு நின்றுவிட்டேன் என்று அர்த்தமில்லை, அவமானம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

இடது கை வலியிலும் பாதி என்னுடையது என்பது கருவி சரியான பிறகுதான் தெரிந்தது. தந்தி தாழ்ந்த பிறகும் பழைய பலத்திலேயே அழுத்திக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம். இதற்கு ஒரு பயிற்சியை நானே கண்டுபிடித்தேன். விரலைத் தந்தியில் சும்மா வைத்து, வலது கையால் விடாமல் மீட்டிக்கொண்டே, அழுத்தத்தை இம்மி இம்மியாகக் கூட்ட வேண்டும். 'டப் டப்' என்பது சுரமாக மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் வீண். விரல் ஃபிரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றே பின்னால் விழுந்தால் அந்த இடம் சீக்கிரம் வரும். நடுவில் விழுந்தால் இரட்டிப்பு உழைப்பு. சின்னக் கைக்காரர்கள் ஒரு ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்ற விதியை முதல் ஃபிரெட்டுகளில் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். பெரிய டபுள் பேஸ் வாசிப்பவர்கள் தாழ்ந்த இடங்களில் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து ஒன்றாகவே வைப்பார்கள், ஒரு கைப்பிடிக்கு மூன்று ஃபிரெட் அளவு தூரம்தான். அது குறுக்கு வழி அல்ல, நூறாண்டுக்கு மேல் பழைய பாடமுறை. முதல் சில வாரங்கள் 5-வது ஃபிரெட்டிலிருந்து தொடங்கினாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாரை அகலமானதாக, உள்பக்கம் சொரசொரப்பானதாக வாங்குங்கள். லேசான உடல் கொண்ட மலிவு பேஸ்களில் தலைப்பக்கம் கீழே சரியும், அதை இடது கை தாங்கிக்கொண்டே வாசித்தால் மணிக்கட்டுக்கு விமோசனம் இல்லை.

கையா, கருவியா என்று தெரியாமல் தவிக்கும்போது நான் இப்போது பார்க்கும் சில அடையாளங்கள் உண்டு. கரகரப்பு ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும், எத்தனை கவனமாக அழுத்தினாலும் வந்தால் அது கருவி, பெரும்பாலும் அதற்கு அடுத்த ஃபிரெட் தூக்கிக்கொண்டிருக்கும். கீழ் ஃபிரெட்டுகளில் மட்டும் கரகரத்தால் கழுத்து தேவைக்கு மேல் நேராகிவிட்டது. எல்லா இடத்திலும் என்றால் சேடில் தாழ்வு. ஒருமுறை வந்து மறுமுறை வராத கரகரப்பு பெரும்பாலும் கைதான். ஆம்பில் செருகினால் கேட்காத கரகரப்பைப் பற்றி அலட்டிக்கொள்ளவே வேண்டாம், எனக்கு அதைத் துரத்துவதிலேயே ஒரு வாரம் போனது. இரைச்சலுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. தந்தியைத் தொட்டவுடன் 'உம்ம்' என்ற இரைச்சல் அடங்கினால் கருவிக்குள் தரை இணைப்பு வேலை செய்கிறது. தொட்டால் கூடினால் உள்ளே இணைப்புக் கோளாறு. தொடும்போது சுரீர் என்றால் வாசிப்பை விடுங்கள், ஆம்பின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கேபிள் செருகும் துளையைச் சுற்றியுள்ள திருகு நட்டு தளர்ந்திருந்தால் அன்றே இறுக்கிவிடுங்கள். அது சுழன்றால் உள்ளே ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். எனக்கு அறுந்தது.

பணக் கணக்கைச் சொல்வதாகச் சொன்னேன். ஒலிபெருக்கி, பழுது பார்த்த கூலி, இரண்டு கட்டுத் தந்தி, பட்டைத் தந்தி, பெடல், அறுந்த ஒயரைப் பற்றவைத்தது என்று கூட்டினால் பேஸின் விலையைப் போல ஒன்றரை மடங்கு. அதில் உருப்படியான செலவு கூலியும் ஒரு கட்டுத் தந்தியும் மட்டுமே. பெடலைப் பாதி விலைக்கு விற்றுவிட்டேன். பட்டைத் தந்தியை வைத்திருக்கிறேன், இப்போது வாசிக்கத் தெரிவதால் அது நன்றாகவே ஒலிக்கிறது என்பது வேறு விஷயம். கையில் இருந்ததைவிட நல்ல பேஸையே அந்தப் பணத்துக்கு வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த நல்ல பேஸையும் சீர்செய்யாமல் வாங்கியிருந்தால் இதே நான்கு மாதம்தான்.

போன மாதம் ஒரு சுரம் படுத்தியது. ஜி தந்தியின் 6-வது ஃபிரெட்டில் மட்டும், மீட்டிய ஒரு நொடிக்குள் ஒலி சோர்ந்து விழுந்தது. பக்கத்து ஃபிரெட்டுகளில் நீண்டு நின்றது. இரண்டு மாலை என் விரலைச் சோதித்தேன். பிறகு தந்தியின் உயரத்தை அளந்தேன். பழுது பார்க்கும் பெரியவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, "அம்மா, அது கழுத்து மரம் அந்தச் சுரத்தோடு சேர்ந்து அதிர்ந்து ஒலியைத் தின்பது. அந்த இடத்தில் பெரிய விலைக் கருவிகளிலும் உண்டு, விடுங்கள்" என்றார். தலைப்பக்கத்தில் ஒரு சிறு இடுக்கியைக் கவ்வவிட்டுப் பார்த்தேன். எடை கூடியதும் அந்தச் சோர்வு அடுத்த ஃபிரெட்டுக்கு நகர்ந்து போனது. கழற்றிவிட்டேன். நீண்டு நிற்க வேண்டிய இடங்களில் அதே சுரத்தை டி தந்தியின் 11-வது ஃபிரெட்டில் வாசித்துக்கொள்கிறேன். அங்கே கைக்கும் வாகாக இருக்கிறது.